காலிமுகத்திடலில் ஒரு ஸ்வெட்டர்

பூண்டுலோயா மலைக்குளிரில் பொழுது சாய்ந்தால் என் கை தானாக ஸ்வெட்டரைத் தேடும். போன மாதம் கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போனபோதும் அதை விடவில்லை.

"அந்த வெக்கையில ஸ்வெட்டரு எதுக்கு புள்ள? ஊரே சிரிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

புறக்கோட்டைக் கடைத்தெருவெல்லாம் அலைந்துவிட்டு, சாயங்காலம் கடற்கரையோரம் இருக்கும் காலிமுகத்திடலுக்குப் போனோம். இருட்டத் தொடங்கியதும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நடந்தார்.

கொத்து ரொட்டி போடும் சத்தத்தில் சொக்கிப்போய் நின்றுவிட்டேன். திரும்பினால் அவரைக் காணோம். என் போனும் அவர் பையில். அத்தனை சனத்துக்குள் யாரிடம் என்ன கேட்பது? தெரிந்த சிங்களமும் மறந்துபோனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இறால் வடை விற்ற முஸ்லிம் நானா ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்கயே நில்லுங்க. ஒங்க மாப்பிள்ள இப்பதான் கேட்டுட்டுப் போறாரு. செவப்பு ஸ்வெட்டர் போட்ட ஆளு இங்க வேற யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டிக் குரல் கொடுத்தார்.

வியர்த்து வழிய ஓடி வந்தார் என் வீட்டுக்காரர். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ திறந்திருந்த ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் போட்டுவிட்டார்.

இப்போது எங்கே கிளம்பினாலும் அதை முதலில் பையில் எடுத்து வைப்பது அவர்தான்.