போயிட்டு வாங்க

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிச் சொல்லிக் குரல் பழகினவள் அவள். நகரத்தில் பறக்கும் டாக்சி சோதனை ஓட்டம் தொடங்கியதும், அந்தக் கணீர்க் குரலுக்காகவே அவளைக் கார் நிறுத்தக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கண்ணாடி அறை, ஒரு மைக், எதிரே வண்டி இறங்கும் வட்டம். "வாங்க" என்று அவள் சொன்னால்தான் வானத்தில் நிற்கிற வண்டி இறங்கலாம். சட்டம் அப்போது பாதிதான் எழுதப்பட்டிருந்தது. மீதியை நடக்கிறதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தார்கள்.

நடந்தது. அவள் கணவரும் அங்கே ஓட்டுநர். ஒருநாள் அவர் வண்டி கிளம்பியது. கிளம்புகிற மனுஷரிடம் வெறுமனே "போங்க" என்று எந்த வாய் சொல்லும்? "போயிட்டு வாங்க" என்றாள். இரைச்சலில் முன்பாதி காணாமல் போக, மேலே காத்திருந்த இன்னொரு வண்டிக்காரர் காதில் "வாங்க" மட்டும் விழுந்தது. கூப்பிட்டுவிட்டார்கள் என்று அவர்பாட்டுக்கு இறங்க ஆரம்பித்துவிட்டார்!

"நில்லுங்க! மேல போங்க!" என்று அவள் கத்திய கத்தலில் அவர் விலகிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உடனே விதி வந்தது. கிளம்ப "புறப்படு", இறங்க "வா". வேறு பேச்சே கூடாது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். தவறினால் மைக் போச்சு, கீழே கார்களுக்குச் சீட்டுக் கிழிக்க வேண்டியதுதான்.

வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கணவர் நின்றார். "ம், சொல்லிப் பழகு."

"புறப்படு... ங்க."

"ங்க கிடையாது. இத்தனை வருஷமா மனசுல இருந்ததுதானே, தைரியமா சொல்லு."

"அட, போய்த் தொலைங்க!" என்று சிரித்துவிட்டாள். பயம் மட்டும் போகவில்லை. மறுபடி நாக்கு புரண்டால் இவர் தலைமேலேயே ஒன்று இறங்குமே!

சோதனையன்று அதிகாரி அவள் பின்னால் நின்றார். "கிளம்பத் தயார்" என்றது கணவரின் குரல். நாக்கு நுனிவரை வந்த "போயிட்டு வாங்க"வை விழுங்கினாள்.

"புறப்படு."

வண்டி எழும்பிக் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது. அதிகாரி தலையாட்டினார். அவளுக்கு மட்டும் யாரையோ வீட்டைவிட்டுத் துரத்திய மாதிரி இருந்தது. நகரத்தைச் சுற்றிவிட்டு அது திரும்பும்வரை உட்காரவே இல்லை.

"இறங்கத் தயார்."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வா" என்றாள். அவர் கிளம்பும்போது விழுங்கியது அப்போதுதான் முழுசானது.