ஒரு விரலுறை, இரண்டு பெயர்கள்

சௌகத் அலி பாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் புத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நாலு காசு பார்க்க வேண்டும் என்று நான் சொன்ன யோசனைகளைக் கேட்டிருந்தால் மனுஷன் நடுத்தெருவில் நின்றிருப்பார். நல்லவேளை, ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் என் செராக்ஸ் கடைக்கு நேர் எதிரே அவருடைய கடை. எட்டடிக்கு ஆறடி. இருபது வருடத்துக்கு மேல் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக மாட்டுக்குக் கழுத்துப்பட்டை, அரிவாளுக்கு உறை, பைக்கு வார் என்று தைத்து விற்கிறார். கோபமே வராது. இதைப் பற்றி அவர் மனைவி தாஹிரா என்னிடம் புகாரே செய்திருக்கிறார். "எம்புட்டுத் திட்டுனாலும் சிரிச்சுக்கிட்டே இருந்தா, திட்டுறவளுக்கு எரிச்சலா இருக்காதா தம்பி?"

மூன்று வருடத்துக்கு முன்னால் கழுத்துப்பட்டை விற்க ரெட்டியார்சத்திரம் பக்கம் போனவர், ஒரு வெண்டைக்காய்த் தோட்டத்தில் தண்ணீர் கேட்டு நின்றார். சொம்பை நீட்டிய பொன்னழகு என்ற பெண், இரண்டு கையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் சாக்ஸை மாட்டியிருந்தார். வெண்டையின் சுணை பட்டால் கை தடித்துப் போகும். காம்பைக் கிள்ளிக் கிள்ளி நகக்கண்ணும் புண்ணாகும். கூலிக்குக் காய் பறிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் இதே கதைதான்.

"உள்ளங்கை அரிச்சா காசு வரும்பாக. எனக்கு அரிச்ச அரிப்புக்கு இந்நேரம் திண்டுக்கல்லையே வெலைக்கு வாங்கிருக்கணும்ண்ணே" என்று பொன்னழகு சிரித்தாராம்.

பாய் திரும்பி வந்து தோலை வெட்ட ஆரம்பித்தார். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என இரண்டு தோல் உறைகள். ஆள்காட்டி விரல் உறையின் நுனியில் சின்னதாய் ஒரு பிளேடு. காம்பை விரல் வெட்ட வேண்டும், காய் கையில் விழ வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் பிளேடு காம்பை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிஞ்சை வெட்டியது. மூன்று மாதம் பிளேடைச் சாய்த்தார், நிமிர்த்தினார், குட்டையாக்கினார். வெண்டைப் பிஞ்சு செத்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் புது ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பொன்னழகு அதை மாற்றி மாட்டிக்கொண்டார். ஆள்காட்டி விரல் உறை கட்டைவிரலில், கட்டைவிரல் உறை ஆள்காட்டி விரலில். பாய் திருத்த வாயெடுப்பதற்குள் நாலு காய் கூடையில் விழுந்துவிட்டது. பிளேடு கட்டைவிரலிலிருந்து தள்ளியது. வழுவழுப்பான தோல் எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொண்டது. பிஞ்சு தப்பித்தது.

"நாம கிள்ளுறப்போ அமுக்குறது கட்டவெரலுதானண்ணே. கத்திய இங்க வைக்காம அங்க போயி வச்சிருக்கீகளே" என்றார் பொன்னழகு. வியர்வை புழுங்காமல் இருக்க உறையின் முதுகில் அரிவாள் நுனியால் மூன்று கீறலும் போட்டுக் கொடுத்தார். பாய் ஊருக்கு வந்து அதே மாதிரி பத்து ஜோடி தைத்து, விற்காமல், போட்டுப் பார்க்கச் சொல்லிப் பொன்னழகோடு காய் பறிக்கிற பெண்களிடம் மட்டும் கொடுத்தார். ஒருவரும் திருப்பித் தரவில்லை.

செய்தி எப்படியோ கோயம்புத்தூர் வரைக்கும் போய், அங்கே கையுறை தயாரிக்கிற ஒரு கம்பெனிக்காரர் பாயின் கடைக்கே வந்துவிட்டார். மொத்தமாக ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு உரிமையை எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்றார். நான் தெருவுக்குக் குறுக்கே ஓடிப்போய், வாங்கிக்கங்க பாய் என்றேன்.

"மொத்தமா வாங்குனா ஒரு நாளு விருந்து. ஜோடிக்கு இம்புட்டுன்னு வாங்குனா தெனம் அடுப்பு எரியும் அப்பு" என்றார் பாய். விற்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தொகை, உறைக்கு வேண்டிய தோலைத் தானே வெட்டிக் கொடுப்பது என்று பேசினார். கம்பெனிக்காரர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் ஒப்பந்தம். சனிக்கிழமை நடக்கும் விவசாயக் கண்காட்சியில் விரலுறையை வைக்கப் போகிறார்கள். விண்ணப்பிக்காமல் ஊருக்குக் காட்டிவிட்டால் அப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், உரிமை கேட்க முடியாது என்று கம்பெனியின் மதுரை வக்கீல் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை வக்கீல் அனுப்பிய படிவத்தை என் கடையில் பிரிண்ட் எடுத்தோம். நான் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். 'உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' என்ற இடம் வந்ததும் பாய் பேனாவை மூடிவிட்டார்.

"இதுல பொன்னழகு பேரும் வரணுமே."

"கண்டுபிடிச்சது நீங்கதான பாய்?"

"தோலு என்னுது. வேல செய்யுற வெரலு அதோடது."

வக்கீலிடம் கேட்டால், இரண்டு பேர் என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு ரெட்டியார்சத்திரம் போனோம்.

பொன்னழகின் கணவர் சோலைமுத்து காகிதத்தைப் பார்த்ததுமே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். சொந்தக்காரன் ஒருவன் டிராக்டர் வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். அவன் ஓடிப்போனான். இவர் வீட்டில் இரண்டு கறவை மாடு போனது.

"காயிதத்துல கையெழுத்துங்குற பேச்சே இந்த வீட்ல ஆகாது பாய். காப்பி சாப்ட்டுப் போங்க."

பொன்னழகும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் வேணாம்ண்ணே. நீங்களே வச்சுக்கங்க."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வாசலுக்கு வந்ததும் பாயிடம் சொன்னேன். "அவுகளே வேணாம்ங்குறாக. அந்தப் பேர அடிச்சுட்டு அனுப்புவோம். நாளு இல்ல பாய்."

"கீழ நான்தான கையெழுத்துப் போடணும்? பொய்யி எழுதுன காயிதத்துல எப்படி அப்பு போடுறது?" என்றார். கோபமே வராத மனுஷன் அன்று என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

அந்தத் தாளில் அவர் எழுதியது இவ்வளவுதான். இந்த விரலுறை விஷயமாகப் பொன்னழகு போடுகிற கையெழுத்தால் எந்தக் கடன் வந்தாலும், பேகம்பூர் சௌகத் அலி ஆகிய நானே கட்டுவேன். கீழே கையெழுத்தைப் போட்டுச் சோலைமுத்துவிடம் நீட்டினார்.

"நீங்க ஒருத்தனுக்கு ஜாமீன் நின்னீக. இப்ப ஒங்க வீட்டுக்கு நான் நிக்கிறேன்."

சோலைமுத்து அதை இரண்டு தடவை படித்தார். மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பொன்னழகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை கண்காட்சியில் விரலுறை இருந்தது.

எட்டு மாதம் கழித்து சோலைமுத்துவிடமிருந்து எனக்குப் போன். "யாரோ எம் பொஞ்சாதி கணக்குல தப்பாப் பணம் போட்டுருக்காக. நாங்க தொடல. எடுத்துக்கிறச் சொல்லுங்க." கம்பெனி அனுப்பிய முதல் தொகையில் சரிபாதி அது. மறுபாதியில் பாய் தோல் வெட்டுகிற கைமெஷின் ஒன்று வாங்கிவிட்டிருந்தார். அது தப்பாக வந்த பணமில்லை, பொன்னழகின் பங்கு என்று புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

அடுத்த ஞாயிறு பொன்னழகு ஒரு பை நிறைய வெண்டைக்காயோடு பாய் கடைக்கு வந்தார். மடிப்பு கலையாமல் வைத்திருந்த ஜாமீன் காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்தாங்கண்ணே. கெடக்கட்டும்னு வச்சிருந்தோம். இனி இது ஒங்க கழுத்துல கெடக்க வேணாம்."

பாய் வாங்கிக்கொண்டு வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை, கலங்கியிருந்தது. வெண்டைக்காயைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் வீட்டில் இருந்த தாஹிராவைக் கூப்பிடப் போய்விட்டார்.

பொன்னழகு தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். "தம்பி, அன்னிக்கிக் கையெழுத்துப் போட்டனே, அந்தக் காயிதத்துல எம்பேரு இருக்குற பக்கத்த மட்டும் ஒரு செராக்ஸ் எடுத்துத் தாங்க. வீட்ல வைக்கணும்."

நான் அடித்துவிடச் சொன்ன பெயர். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னிடமிருந்த நகலில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, நல்ல தாளாகப் பார்த்துப் போட்டு, இரண்டு காப்பி எடுத்தேன். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இன்னொன்று என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது.