தொங்கும்போது முறுக்கிய போல்ட்

மனைவியின் அண்ணனுக்கு லாரிக்காரர் இருபதாயிரம் கடன்பட்டிருந்தார். லாரிக்காரர் என்றால் லாரி வைத்திருந்தவர் அல்ல. லாரிகளைப் பழுதுபார்த்தே பேர் வாங்கி, ஒற்றை ஆளாகப் பட்டறை எழுப்பியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தூரத்தில் வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார். அப்பேர்ப்பட்ட ஆளை, பட்டறைக் கூரைக்கு வாங்கிய அந்தக் கடன் தலைகுனிய வைத்தது.

மச்சான் காலையிலேயே வந்து பட்டறையின் ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

“என்ன மாப்ளே, கூரை ஒழுகுதா?”

“ஒழுகலையே மச்சான்.”

“எப்படி ஒழுகும்? என் காசாச்சே!”

அந்தச் சமயத்தில்தான் டாக்டரின் பழைய கார் வந்தது. அவர் அப்பா ஓட்டிய வண்டி. பின்பக்கம் தரையைத் தொடாத குறை. பாரம் தாங்க வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து போயிருந்தன. அவற்றின் நுனி வளையங்களான காதுகளில், போல்ட்டைச் சுற்றி அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்கள் தொட்டாலே உதிர்ந்தன. இந்த வேலைக் கூலி வந்தால் மச்சானை வாசலோடு அனுப்பிவிடலாம்.

ஆனால் போல்ட்டுகள் அசைய வேண்டுமே! துரு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணெய் விட்டார், நெருப்பு காட்டினார், சம்மட்டியால் போட்டார். கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

“காரு பழசா, நீ பழசா மாப்ளே?”

பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் அறுத்தே எடுத்தார். புதுப் பட்டை, புது புஷ் எல்லாம் ஏறின. வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, போல்ட்டுகளை மூச்சுப்பிடித்து முறுக்கினார்.

ஒரே வாரத்தில் டாக்டர் திரும்பி வந்தார். “பின்னாடி தூக்கிட்டு நிக்குது, பள்ளத்துல விழுந்தா முதுகு உடையுது. முன்னாடியே தேவலாம் போல இருக்கே!” கூலியைப் பற்றி மூச்சே விடவில்லை.

லாரிக்காரர் ரோட்டைத் திட்டினார், புஷ் விற்ற கடைக்காரனைத் திட்டினார். வண்டிக்கு அடியில் பட்டறைக் குழிக்குள் இறங்கிப் பார்த்தபோதுதான் கோளாறு புரிந்தது. புத்தம் புது ரப்பர், பிழிந்த துணி போல முறுகிக் கிழிந்திருந்தது. லாரியில் இரும்பு புஷ். தானாகச் சுழலும், எப்படி முறுக்கினாலும் கேள்வியில்லை. ரப்பர் அப்படியா? தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். பாரம் இறங்கியதும் முறுகிச் சாகும். இத்தனை வருஷ லாரிக் கை அவரையே ஏமாற்றிவிட்டது!

வேறு வழியின்றிக் கைக்காசைப் போட்டு மறுபடி புஷ் வாங்கினார். போல்ட்டுகளைத் தளர்வாகவே மாட்டி, வண்டியைக் குழிக்கு மேல் சக்கரத்தில் நிறுத்தினார்.

“மச்சான், சும்மாதானே இருக்கீங்க? பின் சீட்ல ஏறி உக்காருங்க.”

“நானா? எதுக்கு?”

“பாரத்துக்கு. உங்களை விட்டா யாரு இருக்கா?”

மச்சான் முனகிக்கொண்டே ஏற, வண்டி அமுங்கி நின்றது. அந்த நிலையில் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார்.

டாக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்தார்.

லாரிக்காரர் பணத்தை அப்படியே மச்சான் பக்கம் திருப்பி, நோட்டு நோட்டாக அவர் உள்ளங்கையில் வைத்தார். இருபதாயிரமும் தீர்ந்தது. மச்சானின் கை மட்டும் மடங்கவில்லை.

“இன்னும் என்ன மச்சான்?”

“பின் சீட்ல பாரமா உக்காந்தேனே, அதுக்குக் கூலி?”

லாரிக்காரர் முறைத்தார். பிறகு சட்டைப்பையைத் துழாவி, விரிந்திருந்த அந்தக் கையில் இன்னும் ஒரு நோட்டை அழுத்தி வைத்தார்.