மணவாளக்குறிச்சியில் வாங்காத வீடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சிக்கு ஒரு வீடு பார்க்கப் போனோம். நாகர்கோவிலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் புகையும் தெருப் புழுதியும் என் மனைவியின் இழுப்பு நோயை வளர்த்துவிட்டன. கடற்காற்று உதவும் என்றார் வைத்தியர்.

நான் அவசரப்படுகிறவன் அல்ல. கிணற்றில் இறைத்துக் குடித்துப் பார்த்தேன், உப்பு இல்லை. உத்தரங்களைத் தட்டினேன், செல்லரிப்பு இல்லை. எல்லாக் கதவுகளையும் மூடித் திறந்தேன். ஜன்னலுக்கு நேரே ஆறு, தென்னை மரங்கள், இதமான காற்று... வேறென்ன வேண்டும்?

"காத்துக்குன்னே கெட்டின வீடு, கேட்டேளா?" என்றார் சொந்தக்காரர் தங்கையா.

சம்மதம் சொல்ல வாயெடுத்தேன். வேலிக்கு அப்புறமிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கையாவின் தங்கை, செல்லம்மை. என் மனைவிக்குப் படியேறும்போது மூச்சு வாங்கியதைக் கவனித்திருக்கிறாள்.

"அக்கா, ஒங்களுக்கு இழுப்பு உண்டோ?"

"உண்டும்மா."

"அப்பம் இந்த வீடு வேண்டாம். ஆத்தங்கரையில கதம்பை பொதைச்சிருக்கு. இப்பம் சேறு மூடிக் கெடக்கு, நாத்தம் தெரியாது. குழியைத் தோண்டுனா நல்ல தெம்பா உள்ளவங்களுக்கே மூச்சு முட்டும்."

கதம்பை என்கிற தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் சேற்றில் அழுகவைத்துக் கயிறு திரிக்கிற கரை அது. இந்தச் சீமையில் பிறந்த எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அன்று குழிகள் மூடியிருந்தன... நானும் கேட்கவில்லை.

தங்கையாவின் முகம் கறுத்தது. "ஏட்டி! கூடப்பொறந்தவளா நீ? வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போ!"

"கோவிக்காதே அண்ணே. நீ வித்துட்டுத் திருவனந்தபுரம் போயிருவே. இந்த அக்காவுக்கு மூச்சு முட்டுனா வெந்நியும் கொண்டு ஓடுகது நானில்லியா?"

விடைபெற்றுக்கொண்டு கிளம்பினோம்.

பஸ்ஸில் என் மனைவி சொன்னாள்: "வீடு போனா போகட்டும். அந்தச் செல்லம்மையை விட்டுட்டு வாறதுதான் சங்கடமா இருக்கு."

சுவரைத் தட்டுகிறோம், தண்ணீரைச் சுவைக்கிறோம். சுவர் சரியில்லையென்றால் இடித்துக் கட்டலாம். அடுத்த வீட்டாரை என்ன செய்ய முடியும்? முன்பின் அறியாத ஒருத்தியின் மூச்சுக்காக அண்ணனையே பகைத்துக்கொள்ளும் மனுஷி எத்தனை தெருவில் இருப்பாள்?

வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீடு பார்க்கிறோம் — இந்தத் தடவை வேலிக்கு அப்புறமிருந்து ஆரம்பிக்க உத்தேசம்.