இடப்பக்கத்துச் சீட்டு

இந்த ஊரில் வண்டியைத் தட்டிக் கேட்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது அதுதான்; இடுப்பளவு பனியோ, செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீசுக்குள் போவதோ அல்ல. ஜப்பானின் வடக்கே ஒரு சிறிய ஊரில், கார் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். இங்கே ஒவ்வொரு காரும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஷாகென் என்னும் சோதனையில் தேறியாக வேண்டும். அதற்கு முன் எங்களிடம் வரும். லிஃப்டில் தூக்கி நிறுத்தி, ஒரு சாண் நீளச் சுத்தியலால் அடிப்பாகம் முழுக்கத் தட்டுவோம், சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் போல. நல்ல இரும்பு ‘ணங்’ என்னும். துரு தின்ற இரும்பு ‘பொத்’ என்னும். பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவதால் இந்த ஊர்க் கார்களில் ‘பொத்’ அதிகம். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நான் இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிறேன். அதற்கும் சென்னையில் எங்கள் வியாசர்பாடிக்கும் சம்பந்தம் உண்டு.

என் கூட்டாளி பெயர் மொரிதா. என் வயதுதான் இருக்கும். எங்கள் பட்டறையில் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடும் உரிமை அவருக்கே. முதல் நாள் என் பெயர் கௌதமன் என்றதும் ‘புத்தரின் பெயரா?’ என்று கண்ணை அகல விரித்தார். ஆமாம் என்றேன். வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் குடியிருப்பின் ஒரே மாடிப்படியில் மூன்று கௌதமன்கள் இருக்கிறோம், அதில் ஒருவன் வட்டிக்கு விடுகிறான் என்பதைச் சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கு மொழி வரவில்லை. அதனால் அவர் என்னைக் கொஞ்ச காலம் பொய் சொல்லாத ஆள் என்று நம்பியிருக்கக்கூடும்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு நான் வெல்டிங் பழகியது காசிமேடு துறைமுகத்தில், இரும்புப் படகுகளில். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி வரிசையாக நிறுத்துவார்கள். தடை முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துத் தர வேண்டும். அடித்தகடு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே அதை வெட்டி எடுக்க நேரம் கிடையாது. மேலேயே கனமான தகடு ஒன்றை வைத்து நாலு பக்கமும் பற்றவைத்து, அடிப்பூச்சைத் தடவிவிட்டால் படகு கடலுக்குப் போய்விடும். தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால் போதும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அங்கேதான் தனா என்கிற தனசேகர் பழக்கமானான். காசிமேட்டு மீனவர் குடும்பத்துப் பையன். படகு இஞ்சினில் கை வைத்தால் அது பேசும். பிறகு என் தங்கை செல்வியைக் காதலித்து, இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, ஒரு வழியாக எனக்கு மாப்பிள்ளை ஆனான்.

தனாவுக்கு டிரிஃப்ட் பைத்தியம். பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, புகை கிளம்ப, காரைப் பக்கவாட்டில் செலுத்தி வளைவில் போகும் விளையாட்டு அது. அதற்கு இஞ்சின் பின்சக்கரத்தைத் தள்ளுகிற வண்டி வேண்டும். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் மதில் ஓரமாகப் பல வருடங்களாக நின்றிருந்த பழைய கான்டெசா காரை இழுத்து வந்தான். காசு இருக்கிறவன் வெளிநாட்டிலிருந்து சாமான் தருவிப்பான். எங்களுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் இருந்தது. கை பிரேக்குக்கு நீளமான பிடி அங்கே எடுத்த குழாயில் செய்தது. சீட்டுகள் இரண்டும் விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து வந்தவை. வளைவில் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றால்தான் வண்டி ஒழுங்காக வழுக்கும். அதற்கென்று விற்கும் சாமான் யானை விலை. நான் பின் அச்சின் நடுவிலிருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்தே காரியத்தை முடித்தேன். தனா ஒரு நாள் முழுக்க அதைத் தடவித் தடவிப் பார்த்தான். அப்படிச் சந்தோஷமாக நான் வேலை செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான் ஜப்பானுக்குப் புறப்பட எட்டு நாள் இருக்கும்போது இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தைச் சுரண்டினேன். எங்கள் பக்கத்துக் கடல் காற்று சைக்கிள் மணியையே ஆறு மாதத்தில் ஊமையாக்கிவிடும். பல வருடம் நின்ற காரை விட்டுவைக்குமா? உளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது செம்மண் மாதிரி பொலபொலவென்று கொட்டியது. அந்தச் சட்டத்தை வெட்டியெடுத்துப் புதிதாக வளைத்துப் பொருத்தக் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். என்னிடம் எட்டு நாள். காசிமேட்டில் செய்ததையே செய்தேன். படகுத் தகடு ஒன்றை முழு நீளத்துக்கும் வைத்துப் பற்றவைத்து, படகுக்குப் பூசும் அதே கறுப்புப் பூச்சை அடித்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. “யானையே ஏறி நிக்கலாம் மாப்ள” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். படகுக்கு உள்ளே தனியாக விலா எலும்புகள் உண்டு, தகடு வெறும் தோல். இந்தக் காருக்கோ அந்தச் சட்டம்தான் எலும்பு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நினைக்காமல் இருந்தேன்.

இஞ்சின் வேலை தனாவை இரண்டு வருடம் இழுத்தடித்தது. இந்தப் பனிக்காலம் தொடங்கியபோதுதான் வண்டி தயாராகி, நீல வண்ணத்தில் படங்கள் வந்தன. பெருமை தாங்காமல் மொரிதாவிடம் காட்டினேன். அடிப்பாகப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். “இதை யார் செய்தது?” என்று கேட்டார். நான் மார்பைத் தொட்டுக் காட்டினேன். “இந்த வண்டி இன்னும் ஓடுகிறதா?” என்றார். ஓடுகிறது, என் தங்கை கணவர் ஓட்டுகிறார் என்றேன். “ஸோ தெஸ் க” என்று மெல்லச் சொல்லி, போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துத் தலை குனிந்தார். அப்படியா என்று அதற்கு அர்த்தம். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் பதிலுக்குக் குனிந்தேன். நம் ஆட்கள் என்றால், ‘அறிவிருக்கா உனக்கு?’ என்று கேட்டிருப்பார்கள். அது எவ்வளவோ மேல்.

இரண்டு நாள் கழித்து ஒரு பழைய வேன் வந்தது. மொரிதா என்னை அதன் அடியில் கூப்பிட்டார். யாரோ அதே இடத்தில் தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். சுத்தியலை என் கையில் தந்தார். தகட்டைத் தட்டினேன், ‘ணங்’ என்றது. தகட்டின் ஓரத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, பழைய இரும்பைக் காட்டினார். ‘பொத்’. மறுபடி தட்டினேன், என் வாயிலும் கண்ணிலும் செம்பொடி விழுந்தது. அவர் சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று அவர் தலை குனிந்தது பாராட்டி அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது, காது சுட்டது.

அடுத்த இடைவேளையில் தனாவை வீடியோவில் கூப்பிட்டேன். வள்ளூர் பக்கம் ஒரு தனியார் யார்டின் சிமென்ட் தரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை டிரிஃப்ட் காட்டப் போகிறான். செல்வி பக்கத்துச் சீட்டில் உட்காரப் போகிறாள். அங்கேயும் இங்கேயும் ஓட்டுகிறவர் வலப்பக்கம், உட்காருகிறவர் இடப்பக்கம். அந்தச் சீட்டுக்கு அடியில்தான் நான் வைத்த தகடு. உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“மாப்ள, அந்த இடப்பக்கம் அடில ஒரு ஸ்பேனரால தட்டிப் பாரேன். தகட்டு மேல வேணாம், ஓரத்துல.”

“இன்னாத்துக்கு?”

“சும்மா. இங்க அப்டித்தான் பாக்கறாங்க.”

“ஜப்பான் பூட்டு வந்தா நம்ம இரும்பு கலீஜா தெரிதா உனுக்கு?” என்று சிரித்துக்கொண்டே கீழே படுத்துத் தட்டினான். அவன் கை ஏறி இறங்குவது தெரிந்தது; சத்தம் வரவில்லை. தட்டலை வெறும் இரைச்சல் என்று எண்ணிப் போன் வடிகட்டிவிட்டது. அவன் குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டது. “நல்லா கீது மச்சான். நீ போட்ட தகடாச்சே.” சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வெளிநாடு வந்த நம்மில் பலருக்கும் இது பழக்கம்தான். வீட்டில் கேட்டால் சாப்பிட்டேன் என்போம், குளிர் இல்லை என்போம். கெட்டதை ஒத்திப்போட நமக்குக் கடல் ஒரு வசதி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. வீடியோ வந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பின்னால் நிற்க, நீலக் கார் பக்கவாட்டில் போகிறது, கூட்டம் விசிலடிக்கிறது, செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பத்துத் தடவை பார்த்தேன். பதினோராம் தடவைதான் கதவைப் பார்த்தேன். முதலில் வந்த படத்தில் இடப்பக்கக் கதவைச் சுற்றி ஒரே சீரான இடைவெளி. வீடியோவின் கடைசியில் வண்டி நிற்கும்போது கதவின் பின்பக்க மேல்மூலையில் இடைவெளியே இல்லை. மறுநாள் செல்வியின் குரல் செய்தி வந்தது. “ண்ணா, என் பக்கத்து கதவு தூக்கி அட்ச்சாதான் மூடுது. நீ வரசொல்ல அத்த மட்டும் கொஞ்சம் பாரு.” அவள் ஏதோ தாழ்ப்பாள் கோளாறு என்று நினைத்திருக்கிறாள். வண்டி நடுவில் மடிய ஆரம்பித்திருந்தது.

உடனே தனாவைக் கூப்பிட்டு, உளி இறங்கியது, பொடி கொட்டியது, தெரிந்தே மூடியது எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான், அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைத் திருப்பிக் கேட்டான்.

“டார்ச்ச புட்ச்சிகினு பக்கத்துல படுத்துனு இருந்தது யாரு மச்சான்? நான்தான? என் மூஞ்சிலயும்தான் கொட்டுச்சி.”

“அப்ப ஏன்டா கேக்கல?”

“கேட்டா நீ டிக்கட்ட கேன்சல் பண்ணினு நின்னுருப்ப. உனுக்கு பிளைட்டு, எனுக்கு வண்டி. ரெண்டு பேரும் வாய மூடிக்கினோம்.”

“செல்விக்குத் தெரியுமா?”

வீடியோவில் விசில் கேட்டதா என்று அவன் பேச்சை மாற்றினான். அவன் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தெரிந்தது. போனை வைத்துவிட்டுத் தங்கைக்குச் செய்தி பேசினேன். ‘அந்தச் சீட்டுல உக்காராத. அடியில அண்ணன் போட்ட தகடு பொய். கீழ ஒண்ணுமே இல்ல.’ இரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

செல்வி தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டு ஸ்பேனர்களோடு வளர்ந்தவள். சாயங்காலம் தனா வருவதற்குள் அந்தச் சீட்டைக் கழற்றிவிட்டாள். குரல் செய்தியில் அவள் கத்தவில்லை. “நாலு போல்ட்டுண்ணா. மூணு சுத்தி எட்த்துட்டேன். நாலாவது சுத்தவே இல்ல. சீட்ட அசச்சேன், போல்ட்டு தகரத்தோட பேத்துகினு சீட்டோட வந்துட்ச்சி. அந்த ஓட்டைல பாத்தா கீய உன் தகடு தெரிது. கறுப்பா, புச்சா கீது.” கடைசியில், “சிரிச்சிகினே உக்காந்துனு இருந்தேன்ல,” என்றாள்.

தனா வண்டியை நிறுத்தவில்லை. சீட்டு போனதில் அவனுக்கு வருத்தம்கூட இல்லை. வண்டி லேசாகிவிட்டது, இன்னும் நன்றாக வழுக்குகிறது என்கிறான். வேறு ஆளை வைத்துச் சட்டத்தை வெட்டு என்று கெஞ்சினேன். “நீ வெச்ச தகடு, நீ வந்து வெட்டு. அது வரிக்கும் ஓட்டிகினுதான் கீறேன்” என்கிறான். செல்வி சண்டை போட்டாள், சாவியை ஒளித்தாள். படகு இஞ்சினைக் கிளப்புகிறவனுக்குச் சாவி எதற்கு? எனக்கு விடுப்பு பனி உருகிய பிறகுதான். ஒப்பந்தத்தை முறித்துவிட்டுப் போகலாம். போனால் திரும்பி வர முடியாது. மொரிதாவிடம் கேட்டேன். ஒப்பந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் ஏதோ சொன்னார், எனக்குப் பாதி புரிந்தது. போகாதே என்றாரா, போனால் நான் என்ன செய்ய முடியும் என்றாரா, இன்னும் தெரியவில்லை.

கழற்றிய சீட்டு இப்போது எங்கள் எம்.கே.பி. நகர் வீட்டில், அம்பேத்கர் படத்துக்குக் கீழே சுவரோரமாக இருக்கிறது. செல்வி படம் அனுப்பியிருந்தாள். நாலாவது போல்ட்டில் அந்தத் தகரத்துண்டு அப்படியே தொங்குகிறது. யாரும் அதில் உட்காருவதில்லை, நீ வந்து உட்காரு என்று எழுதியிருந்தாள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு அவன் வள்ளூருக்குப் போகிறான். காலை எட்டுக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். எங்கள் பட்டறைக்குப் புதன்தான் விடுமுறை. ஞாயிறு வேலை உண்டு. இங்கே மதியம் இரண்டரைக்குள் செல்வியிடமிருந்து ‘வந்துட்டாரு’ என்று ஒரே ஒரு சொல் வரும். அது வந்த பிறகே நான் சுத்தியலைத் தொடுகிறேன். அதற்கு முன் எந்தச் சத்தத்தையும் என் காது சரியாகக் கேட்பதில்லை. இன்று அவன் வள்ளூருக்குப் போகும் ஞாயிறு. வெளியே உப்பு லாரி போகிறது. மணி மூன்றே கால், அந்தச் சொல் இன்னும் வரவில்லை. லிஃப்டில் அடுத்த கார் ஏறி நிற்கிறது, மொரிதா சுத்தியலை என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார். வலது கையால் அதை வாங்கிக்கொண்டேன். இடது கையில் போன் இருக்கிறது.