நவாஸ் காக்கா மகளுக்குத் தொடங்கி வைத்த கதை

அன்று காலை அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. புழுக்கம் தாங்காமல் யன்னல்களையெல்லாம் அகலத் திறந்து வைத்திருந்தோம். அதனால் ஜெனரேட்டரில் ஓடிய பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது எங்கள் மேசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. கல்முனைக்குடியில் பிறந்து சம்மாந்துறையில் வாழ்ந்து வந்த, நீர்ப்பாசன அலுவலகப் படவரைஞர் நவாஸ் அவர்கள் காலமானார்கள், ஜனாஸா இன்று அஸர் தொழுகைக்குப் பின் சம்மாந்துறையில் நல்லடக்கம் செய்யப்படும் என்றார்கள். அவருடைய மேசை என் மேசைக்கு நேரெதிரே இருக்கிறது. தேத்தண்ணி கொண்டு வந்த ஊழியர் கதவடியிலேயே நின்று, "நம்மட நவாஸ் சேரா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

இரங்கல் கட்டுரைகளில் இறந்தவர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்ததாக எழுதுவார்கள். நவாஸ் காக்கா அப்படிப்பட்டவர் அல்லர். சுள்ளென்று கோபம் வரும் மனிதர். அவருடைய அளவுகோலை யாராவது எடுத்தால் அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டார். மதகு வரைபடத்தில் ஒரு கோடு பிசகினால் முழுத்தாளையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து வரைவார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் பொறுமை போகும். நான் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவள். அந்த அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது அவரை சேர் என்றுதான் அழைத்தேன். பிறகு அவருடைய தம்பிமார் அண்ணனைக் காக்கா என்று அழைப்பதைக் கேட்டு நானும் காக்கா என்று சொல்லத் தொடங்கினேன். அவருக்கு நான் தங்கச்சி.

அவர் மேசையில் ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் ரோபோ ஒன்று நின்றது. அவரே துண்டு துண்டாகப் பொருத்தியது. புதிதாக வந்த பொறியியலாளர் ஒருவர், "இது என்ன விளையாட்டுச் சாமான்?" என்று கேட்டார். "என்ட உதவியாளர் சேர். லீவு கேக்க மாட்டார்" என்றார் காக்கா, தலையை நிமிர்த்தாமல்.

அந்த ரோபோ ஜப்பானில் எடுத்த, அனிமே என்று சொல்லும் ஒரு கார்ட்டூன் தொடரில் வருவது. மாடிக் கட்டட உயரத்து இயந்திரங்கள், அவற்றுக்குள் ஏறிச் சண்டைக்குப் போகும் பதின்ம வயதுப் பிள்ளைகள், விண்வெளியில் யுத்தம். நாங்கள் பிறக்க முந்தியே தொடங்கி இன்றைக்கும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. பெரிய வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்கால்கள் பிரிவதுபோல ஒரு கதையிலிருந்து பல கதைகள், படங்கள், தனித் தொடர்கள். பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் முட்டிக்கொள்வது ஒரே கேள்வியில்தான்: எங்கிருந்து தொடங்குவது? எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியை நவாஸ் காக்காவிடம்தான் கேட்பார்கள்.

அவரும் ஒருமுறை பிழையான இடத்தில் தொடங்கி மாட்டிக்கொண்டார். எங்கள் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதுதான் வழக்கம், மாப்பிள்ளை பெண்வீட்டோடு போய் இருப்பார். கல்யாணம் முடிந்து சம்மாந்துறைக்குப் போனபோது காக்கா ஒரு உடுப்புப் பையும் ஒரு கம்பியூட்டரும் கொண்டு போனார். மனைவி ரிஃபாயாவுக்குத் தன் உலகத்தைக் காட்ட அவ்வளவு அவசரம். இருப்பதிலேயே அழகாக வரைந்த படத்தைத் தெரிந்தெடுத்தார். அழகு இருந்தால் போதுமென்று நினைத்தார். ஆனால் அது நீண்ட கதையின் நடுவில் வருகிறது, அதில் வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். முன்கதை தெரியாத ரிஃபாயாவுக்குச் சாவு மட்டுமே விளங்கியது. விடிந்ததும் புதுப்பெண் வீங்கிய கண்ணோடு தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள் வந்து நிற்க, மாமனார் ஒன்றும் கேட்காமல் போய்க் குடும்பத்துப் பெரியவரான மரைக்காரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மருமகன், புள்ளைக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் மரைக்கார்.

"ஒண்டும் செய்யல்ல மாமா. ஒரு படம் காட்டினன்."

"என்ன படம்?"

"ரோபோப் படம்."

மரைக்கார் நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார். கதிரையைப் போட்டுக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு தாடியைத் தடவியபடி, "இதுல நம்மட ஆக்கள் ஆரு?" என்று கேட்டாராம்.

"ரெண்டு பக்கமும் நம்மட ஆக்கள்தான்" என்றார் காக்கா.

"அப்ப அந்தப் புள்ள அழத்தானே செய்யும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மரைக்கார் எழுந்து போனார். ரிஃபாயா மட்டும் லேசில் விடவில்லை. "இனி ஒங்கட ரோபோவுக்கு என்னக் கூப்பிட வேணாம்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். சொன்னபடி வருடக்கணக்கில் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. காக்கா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியே பார்த்தார். அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் மட்டும் சிரிக்காமல் பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுவார்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் உடனே பெயர் சொல்ல மாட்டார். முதலில் ஆளை விசாரிப்பார். எனக்கு ஒரு சிறிய தனிக்கதையில் தொடங்கி வைத்தார். "ரோபோவப் பார்க்காதீங்க தங்கச்சி, உள்ளுக்கு இரிக்கிற புள்ளயப் பாருங்க" என்றார். பார்த்துவிட்டு வந்து, எதிரிப் பக்கத்துச் சிப்பாய்களும் நல்லவர்களாக இருக்கிறார்களே என்று சண்டைக்குப் போனேன். "அவங்களும் தேத்தண்ணி ஊத்தித்தானே குடிக்கிறாங்க" என்றார். யுத்த காலத்தில் என் தாய்மாமன் ஒருவர் வீடு திரும்பவில்லை. காக்காவின் சாச்சா, அவர் வாப்பாவின் தம்பி, வயலுக்குப் போய் அப்படியே இல்லாமல் போனார். அந்த இரண்டு பேரைப் பற்றி நாங்கள் ஒருநாளும் நேருக்கு நேர் கதைத்ததில்லை. அந்தத் தொடரைப் பற்றிக் கதைத்தோம். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு காக்காவின் கால்கள் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று சொன்னார்கள். வாரத்தில் சில நாட்கள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய், மற்ற நாட்களில் வேலைக்கு வந்தார். ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, டொக்டர் ஒளிக்காமச் செல்லிட்டார்" என்றார். நான் ஏதேதோ ஆறுதல் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஆம்னாவுக்கு எங்கயிருந்து துவங்கிற எண்டுதான் யோசிக்கன்" என்றார்.

ஆம்னா அவருடைய ஒரே மகள். அப்போதுதான் வாப்பாவின் ரோபோக்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தாள். எனக்குத் தந்த சிறிய கதையையே அவளுக்கும் காட்டச் சொன்னேன். சில நாட்களில் முடிந்துவிடும், இருவருமாகச் சேர்ந்து முடித்தோம் என்று பிள்ளைக்கு ஒரு நினைவாவது இருக்கும் என்றேன். அவருக்கு வழமையான கோபம் வந்தது.

"முடிச்சுப் போட்டு நான் போனா அவக்கு என்ன மிஞ்சும்? ஆகப் பழசுலயிருந்து போடப் போறன். பெரிய நீட்டு. நான் இல்லாட்டியும் அது போய்க்கிட்டே இரிக்கும். அவ பெரிய ஆளாகி இரிக்கக்குள்ளயும் புதுசு ஒண்டு வரும். அப்ப, இதத் துவக்கி வச்சது வாப்பா எண்டு நினைப்பா."

நான் எழுந்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அப்படித்தான் மிகப் பழைய முதல் தொடரைத் தொடங்கினார்கள். நிறம் மங்கிப்போன படம், சில இடங்களில் கைகால் கோணலாக வரைந்திருக்கும். ஆம்னா முதலில் மூக்கைச் சுளித்தாளாம். பிறகு விடவில்லை. உடம்பு இடம் கொடுக்கும் நாட்களில் அஸர் தொழுதுவிட்டு வந்து காக்கா கட்டிலில் சாய்ந்துகொள்ள, அவள் கால்மாட்டில் இருந்து பார்ப்பாள். பாதியில் அவர் அசந்து தூங்கிவிடுவார். அவள் படத்தை நிறுத்திவிட்டு அவர் கண் விழிக்கும்வரை காத்திருப்பாள். விழித்ததும், "வாப்பா இதக் காணல்ல" என்று பின்னுக்கு ஓட்டிப் போடுவாள். இப்படியே ஒரு பாகம் பல நாள் இழுபட்டது. கதை முன்னேறாதது அவருக்குக் கவலை. "இந்தப் புள்ள என்ன விட்டுட்டுப் போகுதில்லயே" என்று என்னிடம் முறைப்பாடு செய்வார். கண் மட்டும் கலங்கியிருக்கும்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் வீட்டில்தான். தண்ணீர்கூட அளந்து குடிக்கும் நிலைமை. பிள்ளை குர்ஆன் ஓதப் போயிருந்தாள், ரிஃபாயா குசினிக்குள் நின்றார். "தங்கச்சி, நான் போன பொறகு அவ தனியப் பார்க்கப்படாது. இனித்தான் கதையில ஆக்கள் சாவாங்க. அவட உம்மாவ நான் முந்தியே பயம் காட்டிக் கெடுத்துட்டன். அவ இரிக்க மாட்டா. நீங்க வந்து பக்கத்துல சும்மா இரிங்க" என்றார். சரி காக்கா என்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான். இவ்வளவு காலத்தில் என்னிடம் அவர் வைத்த ஒரே வேண்டுகோள் அது.

ஜனாஸா அன்று ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக, நான் பெண்களோடு வீட்டுக்குள் நின்றேன். ஆம்னா அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, போகிறவர்களின் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையைத் தடவினேன்.

போன கிழமை மறுபடியும் போனேன். ரிஃபாயா இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவர் அந்த மாதங்களில் வெளியில் போகமாட்டார், அந்நிய ஆண்களைச் சந்திக்கமாட்டார். பெண் என்பதால் நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் இருக்க முடிந்தது. வெள்ளை உடுப்பில் ஆள் பாதியாகியிருந்தார். "இவ வாப்பாவோட நிப்பாட்டின இடத்துலயே நிக்கா. பாடமும் இல்ல, சாப்பாடும் இல்ல. போட்டுப் பார் எண்டாலும் கேக்குறாவில்ல" என்றார். காக்காவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு, "வாங்க ஆம்னா, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். என் மனம் விழுந்துபோனது. அந்த ஒரு காரியத்தையும் என்னால் செய்ய முடியவில்லை.

ரிஃபாயா என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். எழுந்து போய் கம்பியூட்டருக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இரிக்கன் மகள். வாப்பாவோட எங்க நிப்பாட்டின நீங்க? அதுலயிருந்து போடுங்க."

ஆம்னா உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாப்பாவோடு அவள் எவ்வளவோ தூரம் வந்திருந்தாள். ஒவ்வொரு பாகமும் எத்தனை மாலைகளை எடுத்ததென்று எனக்குத் தெரியும். அவள் மெதுவாக வந்து உம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அதுலயிருந்து பார்த்தா ஒங்களுக்கு ஒண்டும் விளங்காது உம்மா" என்றாள். "முதலாவதுலயிருந்து போடுறன்."

சத்தத்தைக் குறைத்துப் போட்டாள். திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகளை உம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். ரிஃபாயா யாரையோ காட்டி, இது நல்லவரா கெட்டவரா என்று கேட்டார். "பொறுங்க உம்மா" என்றாள் பிள்ளை. நான் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நவாஸ் காக்கா, நீங்கள் என்னிடம் ஒப்படைத்த வேலை என்னிடம் இல்லை. அதை உங்கள் ரிஃபாயா எடுத்துக்கொண்டார். உங்கள் மகள் தனியாகப் பார்க்கவில்லை. பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். மண்ணறையான உங்கள் கப்றில் வெளிச்சம் நிறையட்டும் என்று உங்கள் ஆட்கள் வேண்டிக்கொள்கிறார்கள். பாண்டிருப்பிலிருந்து உங்கள் தங்கச்சி நானும் அதையே கேட்கிறேன்.