நாற்றம் நின்ற பிறகு

அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னார்கள்; எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன், மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்தில். சொசைட்டிக்கு எருமைப்பால் ஊற்றித்தான் அப்பா அவரைக் கோவையில் கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார். லீவுக்கு வந்தால் சட்டையெல்லாம் ஆசிட் பட்ட ஓட்டை. "சட்டைய ஓட்டை போடவா காலேசுக்குப் போறே?" என்பார் அம்மா. பிறகு ஓய்வு பெறும்வரை சாயப்பட்டறை லேபில் வேலை. அண்ணி காலமானதும் எங்களோடு வந்துவிட்டார்.

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே என் மகனின் சாயப்பட்டறை. கழிவுத் தொட்டியில் இறங்குமுன் புளோயர் போட்டு உள்ளே காற்று ஊத வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம். இரண்டு வருஷம் முன்பு ஆடியில் தொட்டிக்குள் இருக்கும் மோட்டார் அடைத்துக்கொண்டது. அவசரத்தில் கயிறு மட்டும் கட்டி ஒரு பீகார்த் தொழிலாளி இறங்கினார். இறங்கியவர் சரிந்துவிட்டார். இழுத்தால் கயிறு ஏணியில் சிக்கிக்கொண்டது.

கூச்சல் கேட்டு அண்ணன் சாப்பாட்டுக் கையோடு ஓடினார், பின்னால் நானும். மகன் தொட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டான். அண்ணன் அவன் பனியனைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உடுங்க மாமா! அழுகின முட்டை நாத்தம் அப்பவே நின்னு போச்சுங்க."

"நாத்தம் நிக்கல கண்ணு. உம்பட மூக்கு செத்துப்போச்சு. எறங்குனா நீயும் அங்கதான் கெடப்பே."

"ஏனுங்ண்ணா, ஒரு உசுரு கெடக்குது, பாடம் நடத்தறீங்களே!" என்று கத்தினேன். அண்ணனை நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "புளோயரைப் போடு! கயித்த அந்தப் பக்கமாக் கொண்டுபோய் இழுங்கடா!"

இழுத்தார்கள். அசையவில்லை. மறுபடி இழுத்ததும் ஏணியை விட்டுக் கயிறு வந்தது, ஆளும் வந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்சில் போனவர் பிழைத்துக்கொண்டார்.

அன்றே அண்ணன் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சென்ற தையில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் நர்சம்மா அதைக் கழற்றும்போது, "சாவி பத்திரம் கண்ணு" என்று மகனிடம் சொன்னார். பிறகு பேச்சு இல்லை. சாவி இப்போது மகன் இடுப்பில் இருக்கிறது.

கூடவே கண் விழித்த அந்த நர்சம்மாவுக்கும், நெஞ்சுவலி என்று கேட்டதுமே ஊரிலிருந்து ரயிலேறி வந்து, பாடைக்குத் தோள் கொடுத்த பீகார்த் தம்பிக்கும், வந்திருந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்த வாயுவின் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு என்று அண்ணன் சொன்னதாக ஞாபகம். படித்தவர்கள் யாராவது சரிபார்த்து, பெயர் தப்பென்றால் மாற்றிவிடுங்கள். நாற்றம் நின்ற பிறகும் இறங்கக் கூடாது என்பதை மட்டும் அடித்துவிட வேண்டாம்.